மாடியில் இரண்டு பேருக்கு ஒரு மேசை

கொழும்புக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். நோய் என்றால் நம்புவார்கள். பாஸ்போர்ட் எடுக்க, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக, கடையில் வேலை செய்யும் பிள்ளையைப் பார்க்க என்றால் நம்புவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சும்மா ஒரு நாள் ஊர் சுற்றப் போகிறார்கள் என்றால், வேறு ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினோரு வருடம் இருந்தவர். முதலில் பாத்திரம் கழுவினார், பிறகு மா பிசைந்தார், பிறகு ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்றார். கடையைத் திருத்திக் கட்டுகிறோம் என்று எட்டு மாதம் மூடி வைத்தார்கள். கல்யாணமாகி இரண்டாவது வருடமே கொழும்புக்குப் போனவரோடு, அதற்குப் பிறகு நான் சேர்ந்தாற்போல் ஒரு வீட்டில் இருந்தது அந்த எட்டு மாதம்தான். பிறகு முதலாளி போனில் கூப்பிட்டார். கடையைத் திறந்தாகிவிட்டது, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வந்து சேர் என்றார்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் அன்றைக்கே ஒன்று சொன்னேன்.

"போங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க. காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும். பிள்ளைங்க வேணாம். யாரும் வேணாம்."

"அங்க என்ன புள்ள இருக்கு? வெயிலும் வேர்வையும்தான்."

"அதையாவது பாக்குறேன். பதினோரு வருசம் அந்த ஊரோடதானே குடும்பம் நடத்துனீங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பதினோரு வருடமும் நான் செய்தது இரண்டே வேலை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பையைக் கையில் கொடுத்து அனுப்புவேன். பிறகு போனில் "சாப்டீங்களா" என்று கேட்பேன். இதைத் தவிர ஒரு பகல் வேண்டும். அந்த ஊர் ரோட்டில் அவரோடு நடக்க வேண்டும். அவர் வேலை செய்த கடையில் கதிரையை இழுத்துப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒன்றாம் தேதிக்குப் பிறகு அது நடக்காது. நடுவில் மூன்று ஞாயிறுதான் இருந்தது. முதல் ஞாயிறு கோயில் கூட்டம். கடைசி ஞாயிறு பயணத்துக்கு முந்தின நாள், வீடு முழுக்க ஆட்கள் வந்து போவார்கள். மிஞ்சியது நடு ஞாயிறு. அதை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானமே கிளம்பி வத்தளையில் இருக்கும் நாத்தனார் வீட்டில் தங்கினால்தான் ஞாயிறு முழு நாளாகக் கிடைக்கும். அதற்குச் சனிக்கிழமை லீவு வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணியிடம் கேட்டேன்.

"கொழும்புக்குப் போறேன். சனிக்கிழமை வர மாட்டேன்."

"ஆஸ்பத்திரிக்கா?"

"இல்ல."

"அப்ப பாஸ்போட்டா? நீயும் கிளம்பிட்டியா?"

"இல்லங்க. சுத்திப் பாக்க. வீட்டுக்காரரும் நானும்."

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆஸ்பத்திரின்னே சொல்லி வைக்கிறேன். தொரைகிட்ட சொல்றதுக்கு அதுதான் லேசு."

"எனக்கு ஒரு நோயும் இல்ல. நோய்னு சொன்னீங்கன்னா இங்கயே நின்னு கத்துவேன்."

"இப்ப மட்டும் கத்தாமயா பேசுற?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "ரெண்டு பேரும் கையக் கோத்துக்கிட்டு நடப்பீங்களோ?" என்றாள். "ஏன், கொழுந்து பறிக்கிற கை கோக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நான் லயத்துக்கு, எங்கள் வீட்டு வரிசைக்கு, போய்ச் சேரும் முன்பே கதை போய்ச் சேர்ந்துவிட்டது. கை கழுவக்கூட விடவில்லை. பக்கத்து வீட்டுக் காம்பரா அக்கா கையில் திருநீறோடு வாசலில் நின்றாள். மெதுவான குரலில் கேட்டாள்.

"மறைக்காத தங்கச்சி. மார்லயா, வயித்துலயா?"

"காலுல. ஊர் சுத்தணும்னு அரிக்குது."

அவள் நம்பவில்லை. நெற்றியில் பூசிவிட்டாள். மிச்சத்தை என் உள்ளங்கையில் கொட்டி, "காலுலயும் பூசிக்க" என்றாள். அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

மகனின் பழைய கொப்பியில் கடைசிப் பக்கத்தில் அந்த நாளின் திட்டத்தை எழுதினேன். நாத்தனார் வீட்டில் இருந்து ஏழு மணிக்குக் கிளம்புவது. ஒன்பது மணிக்கு மியூசியம். ஒரு மணிக்குச் சாப்பாடு. பிறகு கடல். பிறகு கடைசி ஹட்டன் பஸ். பக்கத்திலேயே எத்தனை நிமிடம் நடை, எந்த இடத்தில் பஸ் மாற வேண்டும் என்றும் எழுதினேன். போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மியூசியத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. அவர் அதைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் போனில் நிறையச் சொல்லியிருந்தார். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, முழுசாக, தொங்கும். வெளியே வந்தால் இரண்டு நிமிடத்தில் கடல். "திமிங்கிலம் செத்துப் போனதும் கடல்ல இருந்து நேரா உள்ள தூக்கிட்டு வந்துட்டாங்க போல" என்பார். மகன் அதை வைத்து ஒரு கட்டுரையே எழுதினான். ஆசிரியை வகுப்பில் வாசிக்கச் சொன்னார்கள்.

வரைபடத்தில் மியூசியத்துக்குப் பக்கத்தில் கடலே இல்லை. விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தேன். நடந்தால் முக்கால் மணித்தியாலம் என்று காட்டியது.

அவர் வாசலில் உட்கார்ந்து சப்பாத்துக்கு நூல் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, மியூசியத்துல இருந்து கடல் ரெண்டு நிமிசமா?"

"ஆட்டோவுல போனா."

"ஆட்டோவுலயும் ரெண்டு நிமிசம் ஆகாது. உள்ள போனதும் முதல்ல என்ன இருக்கு?"

"திமிங்கிலம்."

போனைத் திருப்பிக் காட்டினேன். யாரோ எடுத்துப் போட்ட படம். உள்ளே நுழைந்ததும் பெரிய புத்தர் சிலை. திமிங்கிலம் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. அது பக்கத்தில் வேறு கட்டடம், வேறு டிக்கட். அவர் படத்தைப் பார்த்தார். ஊசியைச் சப்பாத்தில் குத்தி வைத்தார்.

"நான் போனதில்ல புள்ள."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல. சாப்பிட வர்ற ஆட்டோக்காரர் ஒருத்தர் சொன்னாரு. அவரு பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயிருக்காரு."

"அப்ப எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"பிள்ளைங்க கேட்டாங்க. அப்பா இன்னைக்கு என்ன பாத்தீங்க, என்ன பாத்தீங்கன்னு. கல்லப் பாத்தேன், மாவப் பாத்தேன்னு சொல்றதா?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுதத் தேவையில்லை. பக்கத்துக் காம்பராவில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கத்தி முடித்த பிறகு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எனக்கு மாசத்துல ரெண்டு நாள் லீவு. அந்த ரெண்டு நாளும் நான் எங்க இருந்தேன்?"

"இங்க."

"அப்ப கொழும்ப எப்பப் பாக்குறது?"

 சாப்பாடு போட்டேன், தண்ணீர் வைத்தேன், அதைத் தவிர இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பொய் சொன்னார் என்ற கோபம் முதல் நாளோடு போய்விட்டது. இரண்டாம் நாள் வந்தது என் மேல் கோபம். பதினோரு வருடம் அவர் லீவில் வரும்போதெல்லாம் வாசலில் நின்று வரவேற்றவள் நான். வேறு லீவு அவருக்கு இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கணக்குப் பார்க்கவில்லை. கொழும்பு அவருடைய ஊர், அவர் எனக்குக் காட்டுவார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கொப்பியை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. வாங்க, ரெண்டு பேரும் உக்காந்து எழுதுவோம்."

அதுவரைக்கும் அது என் திட்டம். அன்றைக்குத்தான் அவரும் கிட்ட வந்து உட்கார்ந்தார். புத்தருக்கு ஒன்பது மணி, திமிங்கிலத்துக்குப் பதினொன்று என்று பிரித்தோம். நடை வேண்டாம், பஸ் பிடிப்போம் என்றார். சாப்பாடு என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது.

"வேற எந்தக் கடைன்னாலும் சரி. எங்க கடை வேணாம்."

"ஏன்?"

"நாங்க அங்க பக்கத்துச் சந்தால உள்ள போறவங்க. ஏசி போட்ட மாடி இருக்கே, அங்க நான் ஏறுனதே தண்ணி டாங்கியப் பாக்கத்தான்."

"அப்ப இந்தத் தடவ சாப்பிட ஏறுங்க."

"முதலாளி பாத்தா என்ன நினைப்பாரு?"

"பசிக்குதுன்னு நினைப்பாரு."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் பேனாவை வாங்கி, ஒரு மணி, மாடி, இரண்டு பேருக்கு ஒரு மேசை என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை பொதிகள் வந்தன. எங்கள் லயத்தில் யார் கொழும்புக்குப் போனாலும் மற்றவர்களின் பொதியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு முறுக்கு, ஊறுகாய், துவைத்த சட்டை, கோயில் பிரசாதம். யாரும் கேட்டுவிட்டுத் தருவதில்லை. வாசலில் வைத்துவிட்டுப் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் விடியற்காலை பஸ்ஸில் இறங்கி, கடை கடையாக இந்தப் பொதிகளைக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறார். இந்தத் தடவை ஆறு பொதி. ஆறும் ஆறு திசை. அவற்றைக் கொடுத்து முடிக்க என் ஞாயிறு சரியாகப் போகும்.

ஆறையும் தூக்கிக்கொண்டு ஆறு வாசலுக்கும் போனேன்.

"ஒன்னாந் தேதி அவரு திரும்பப் போவாரு. அப்பக் குடுத்து விடுங்க. இப்ப எடுக்க மாட்டேன்."

"ஒரு சின்னப் பொதிதானே? அம்புட்டுப் பெரிய ஆளாயிட்டியா?"

"ஆமா, ஒரு நாளைக்கு மட்டும்."

அப்படிக் கேட்டவள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பேசாதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொதியை எடுத்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நோர்வூட்டில் பஸ் ஏறினோம். ஹட்டனில் மாறி, இருட்டும் நேரத்துக்கு வத்தளை. அங்கே இன்னொன்று காத்திருந்தது. நாத்தனார் காலையில் போகத் தன் பிள்ளைகளின் சட்டையெல்லாம் அயர்ன் பண்ணி வைத்திருந்தாள்.

"அண்ணி, நாங்களும் வர்றோம். வேன் பிடிச்சா எல்லாரும் ஒன்னாப் போயிட்டு வரலாம்."

"வேணாம்மா. நாங்க ரெண்டு பேரும்தான்."

"கோவமா அண்ணி?"

"இல்ல. ஆனா நீ வந்தா கோவம் வரும்."

அவள் தன் அண்ணனைப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய கலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு, மியூசியத்துக்குச் சரியாக ஒன்பது மணிக்குப் போய்விட்டோம். வெள்ளைக் கட்டடம், உயரமான படிகள். படியில் கால் வைக்கும் முன் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தோம். யாரும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட கட்டடம் என்றால் கழற்ற வேண்டும் என்று காலே நினைத்துக்கொண்டது. காவலாளி சிரித்துக்கொண்டு, போட்டுக்கொண்டே போகலாம் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. வீட்டுக்காரர் குனிந்து என் செருப்பையும் எடுத்து என் காலடியில் வைத்தார். பதிமூன்று வருடத்தில் அப்படி அவர் செய்தது அதுதான் முதல் தடவை.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சிவனும் அம்மனும் வெண்கலத்தில் நின்றார்கள். கும்பிட்டேன். பிறகு கோபம் வந்தது.

"ஒரு பூகூட வைக்கல பாருங்க. ஒரு விளக்கு இல்ல."

"சாமியே சும்மாதான் நிக்குது. நீ சண்டைக்குப் போகாத."

பதினொரு மணிக்குப் பக்கத்துக் கட்டடம். திமிங்கிலம் இருந்தது. அவர் அதற்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். தலையில் இருந்து வால் வரை மெதுவாக நடந்தார், திரும்பி வாலில் இருந்து தலை வரை நடந்தார். 

"நான் சொன்னதவிடப் பெருசு புள்ள" என்றார். பிள்ளைகளுக்குக் காட்டப் படம் எடுத்தார். எட்டுப் படம்.

கடைக்குப் போகும்போது ஒரு மணி ஆகிவிட்டது. ரோட்டில் இருந்தே கொத்து ரொட்டி போடும் சத்தம் கேட்டது. வாசலுக்கு முன்னால் வந்ததும் அவர் கால் தானாகப் பக்கத்துச் சந்துக்குத் திரும்பியது. சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இந்தப் பக்கம்."

மாடியில் நல்ல குளிர், எங்கள் ஊர்க் குளிர் மாதிரி. ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தோம். அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார், யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடுவதற்கு வசதியாக. சாப்பாடு பரிமாறும் ஆள் பழைய கூட்டாளி. பார்த்ததும் கத்திவிட்டார்.

"அண்ணே! ஒன்னாந் தேதிதானே வரணும்?"

"இன்னைக்குச் சாப்பிட வந்தேன்டா. இது வீட்டுல."

"அண்ணி, கும்புடுறேன். அண்ணன் போடுற கொத்துதான் இங்க பேரு. இன்னைக்கு அவருக்கே வேற ஆளு போட்டுக் குடுக்கணும், என்ன சொல்லித் திட்டப் போறாரோ."

சிரித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வீட்டுக்காரர் தோளில் கை வைத்தார்.

"நல்ல நேரத்துல வந்த. கீழ ஒருத்தன் வரல. கூட்டத்தப் பாத்தியா? ஒரு மணித்தியாலம் கல்லுல நின்னு குடுத்துட்டு வா. வீட்டுக்காரம்மா சாப்பிடட்டும், நான் கவனிச்சிக்கிறேன்."

அவர் எழுந்துவிட்டார். நினைத்து எழவில்லை. பதினோரு வருடம் அந்தக் குரலுக்கு எழுந்தவர், எழுந்தார். சட்டைக் கையை மடிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்த முதலாளியை, அந்தக் கடையை, அந்தக் கல்லை, எல்லாவற்றையும் திட்ட என்னிடம் வார்த்தை இருந்தது. ஆனால் நான் திட்டி அவர் உட்கார்ந்தால், ஒன்றாம் தேதி அவர் வந்து நிற்கப்போவது இதே ஆளுக்கு முன்னால்தான். அதனால் திட்டவில்லை. கொப்பியைப் பையில் இருந்து எடுத்து மேசையில் விரித்து வைத்தேன். இரண்டு கோடு போட்ட இடம் மேலே தெரிந்தது.

அவர் அதைப் பார்த்தார். மடித்த கையை இறக்கிவிட்டார்.

"ஒன்னாந் தேதி காலையில ஆறு மணிக்கு நிப்பேன் முதலாளி. இன்னைக்கு நான் சாப்பிட வந்த ஆளு."

 சொல்லிவிட்டார்.  முதலாளி என்னையும் கொப்பியையும் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வீட்டுக்காரர் உட்கார்ந்தார். இந்தத் தடவை முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

கொத்து வந்தது. ஒரு வாய் வைத்தார். "கல்லு சூடாகுறதுக்குள்ள கொத்திட்டான்" என்றார். ஆனாலும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கீழே இருந்து வரும் சத்தத்துக்கு அவர் விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. நான் பார்த்ததைப் பார்த்ததும் நிறுத்தினார்.

முடிந்ததும் என் தட்டை எடுத்துத் தன் தட்டுக்கு மேலே வைத்தார். அதற்கு மேலே கிளாஸ், கரண்டி. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழப் பார்த்தார்.

"வைங்க கீழ" என்றேன்.

வைத்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

பிறகு கடல். இறால் வடை வாங்கி, சுவரில் உட்கார்ந்து, காற்று அடித்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டோம். கையைக் கோத்தோமா என்று திரும்பி வந்ததும் கொழுந்து மலையில் கேட்டார்கள். சொல்லவில்லை.

ஒன்றாம் தேதிக்கு அவர் போய்விட்டார், ஆறு பொதியையும் எடுத்துக்கொண்டு. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பையைக் கையில் கொடுக்கும்போது சொன்னேன்.

"அடுத்த மாசம் லீவுக்கு நீங்க வர வேணாம். பிள்ளைகளக் கூட்டிட்டு நான் வர்றேன். திமிங்கிலத்த அவங்களும் பாக்கட்டும்."

"கடைக்கும் வருவியா?"

"மாடிக்கு வருவேன்."

போன வாரம் கங்காணியிடம் மறுபடியும் சனிக்கிழமை லீவு கேட்டேன். கொழும்புக்கு என்றேன். அவர் காதில் இருந்து பேனாவை எடுத்தார். ஆஸ்பத்திரியா என்று கேட்கவில்லை.

"இந்தத் தடவ எந்தப் பக்கம் சுத்தப் போற?"

"இன்னும் முடிவாகல. எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.